முலு நாட்குறிப்பு: இருட்டுக்கு யார் சோறு போடுகிறார்கள்?

ஜூலை 14, 2024, ஞாயிறு

முலு, போர்னியோத் தீவில், மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் இருக்கும் குகைகள் நிறைந்த தேசியப் பூங்கா. அங்கே போகச் சாலை கிடையாது. அதே மாநிலத்து நகரமான மிரியிலிருந்து சிறு விமானத்தில் அரை மணி நேரம் பறக்க வேண்டும். ஆற்று வழியே படகில் போவதென்றால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும்.

கோலாலம்பூரிலிருந்து மிரியில் இறங்கியதும் குடிநுழைவு முகப்பில் அடையாள அட்டையை நீட்டினோம். ஒரே நாடுதான். ஆனாலும் எங்களைப் போன்ற மேற்கு மலேசியத் தீபகற்பத்துக்காரர்கள் சரவாக்குக்குள் நுழைய அனுமதி வாங்க வேண்டும். மலேசியா உருவான காலத்திலேயே சரவாக் கேட்டுப் பெற்ற உரிமை இது. வரிசையில் சிலர் முணுமுணுத்தார்கள். அக்காவுக்கு மட்டும் இந்த ஏற்பாடு பிடித்துப்போயிற்று. "வீட்டுக்கு வருகிறவனை யாரப்பா நீ என்று கேட்பதில் என்ன தப்பு?" என்றார்.

மிரியை விட்டு எழும்பியதும் கீழே செம்பனைத் தோட்டங்கள், எண்ணெய் எடுக்கும் பனை. எவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தாலும் எங்களுக்குச் செம்பனை தெரிந்துவிடும். அப்பா குலை வெட்டியவர். நாங்கள் வளர்ந்தது அந்த வரிசைகளுக்கு நடுவில். வரிசைகள் ஓய்ந்து ஒழுங்கற்ற பச்சை தொடங்கியபோது அக்கா என் கையைத் தட்டி, "இதோ காடு" என்றார். காட்டுக்குள்ளிருந்து சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள் வெள்ளையாகத் துருத்திக்கொண்டு நின்றன.

குழுவில் எட்டுப் பேர். நாங்கள் இருவர், டச்சுத் தம்பதி, கூச்சிங்கிலிருந்து பெரிய கேமராவோடு வந்த சீன இளைஞர், ஜெர்மனியிலிருந்து ஒரு தாயும் இரண்டு மகள்களும். வழிகாட்டி இந்த ஊர்ப் பெராவான் இனத்தவர். கூட்டிப்போகிறவர் இல்லாமல் யாரும் குகைக்குள் நுழையக் கூடாது என்பது பூங்கா விதி. சாயங்காலம் முழுக்க மழை. ஆண்டுக்கு ஏறக்குறைய 5,000 மில்லிமீட்டர் பெய்யும் இடத்தில் குறைப்பட்டுக்கொள்ள முடியாது.

ஜூலை 15, திங்கள்

பூங்கா அலுவலகத்திலிருந்து மான் குகைக்குச் சுமார் 3 கிலோமீட்டர், மரப்பலகைப் பாதை. நடந்தால் ஒரு மணி நேரம் என்றார்கள். குச்சிப்பூச்சி ஒன்றைத் தேடி எல்லாரும் கைப்பிடிக் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்ததில் இரண்டு மணி நேரம் ஆயிற்று. வழிகாட்டி காட்டிய பிறகும் அது பூச்சி என்று நம்பாத அக்கா, ஊதிப் பார்த்தார். நடந்தது.

முதலில் லாங் குகை. சிறியது, அழகானது, விளக்குப் போட்டு அலங்கரித்தது. கல் திரைச்சீலை, கல் காளான், கல் கூந்தல். அழகுதான், அரை மணி நேரத்துக்கு மேல் எனக்குத் தாங்காது.

மான் குகை வேறு ரகம். வாசலுக்கு எட்டும் முன்பே நாற்றம் வந்துவிடுகிறது, மூக்கைக் குடையும் அமோனியா. அகலம் சில இடங்களில் 150 மீட்டரைத் தாண்டும். கூரை 120 மீட்டர் உயரத்தில். வியட்நாமின் சோன் டூங் குகையை 2009இல் அளக்கும்வரை, உலகின் மிகப் பெரிய குகைப்பாதை என்ற பெயர் இதற்குத்தான் இருந்தது. உப்புச் சுவைக்காக மான்கள் வந்து பாறையை நக்குமாம். அதனால் இந்தப் பெயர்.

தெற்கு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தால் ஆபிரகாம் லிங்கனின் முகம் தெரியும் என்று எல்லாரையும் நிறுத்திக் காட்டுகிறார்கள். தெரியத்தான் செய்கிறது; மூக்கு, தாடி எல்லாம் கச்சிதம். பல லட்சம் ஆண்டுகளாகத் தண்ணீர் அரித்த பாறையில் போயும் போயும் ஓர் அமெரிக்க ஜனாதிபதியைத் தேட வேண்டுமா என்று எனக்கு எரிச்சல். அக்காவோ, "லிங்கன் யாரென்று தெரியாதவனுக்கு அங்கே வேறு யாராவது தெரிவார்கள்" என்று அடுத்த பாறைக்கு நகர்ந்துவிட்டார்.

என்னை நிறுத்தியது தரை. கரும்பழுப்பு மேடுகளாகக் கிடந்தது மண் என்று நினைத்துக்கொண்டு வந்தோம். வழிகாட்டி தலைவிளக்கைத் தாழ்த்தியதும் மேடு அசைந்தது. அத்தனையும் வௌவால் எச்சம், அதன்மேல் கரப்பான்கள். டச்சுக்காரர் ஒரு அடி பின்வாங்கினார். முப்பது வருடம் மருத்துவமனையில் தாதியாக இருந்த அக்கா இன்னும் குனிந்து பார்த்தார்.

வழிகாட்டி இங்கேதான் நிதானமாகப் பேசினார். மான் குகையில் பன்னிரண்டு வகை வௌவால்கள் இருக்கின்றன. அவற்றில் சுருக்க உதட்டு வௌவால் மட்டுமே 25 முதல் 30 லட்சம் என்று கணக்கு. குகைக்குள் வெயில் இல்லை. வெயில் இல்லாத இடத்தில் செடி இல்லை. செடி இல்லாவிட்டால் சாப்பாட்டுக்கு வழியில்லை. வௌவால் வெளியே போய்க் காட்டுப் பூச்சியைத் தின்றுவிட்டு உள்ளே வந்து எச்சமிடுகிறது. அதைக் கரப்பானும் வண்டும் தின்கின்றன. அவற்றைச் சிலந்தியும் நெட்டைக்கால் பூரானும் பிடிக்கின்றன. முடியில்லாத ஒரு பெரிய வௌவாலின் உடம்பில், பின்பக்கம் இடுக்கி வைத்த ஒரு பூச்சி ஒட்டிக்கொண்டு அதன் தோல் எண்ணெயையே தின்று வாழ்கிறதாம். சுவரில் கால்களை விரித்துக்கொண்டு நின்ற பூரானை நானே பார்த்தேன். என் உள்ளங்கையைவிடப் பெரியது. ஜெர்மன் மகள்களில் சின்னவள் அதற்கு ஒரு பெயர்கூட வைத்துவிட்டாள்.

"அப்படியானால் காட்டை வெட்டினால் இங்கே பட்டினி" என்றார் அக்கா. வழிகாட்டி தலையாட்டினார்.

மாலையில் வௌவால்கள் வெளியேறுவதைப் பார்க்கத் திறந்தவெளி இருக்கைகளில் காத்திருந்தோம். ஐந்தரைக்கு மழை பிடித்தது. மழையில் அவை வருவதில்லை. தொப்பலாக நனைந்து திரும்பினோம்.

ஜூலை 16, செவ்வாய்

நீளப் படகில் மெலினாவ் ஆற்றில் மேலே போனோம். நேற்றைய மழையால் ஆற்றில் தண்ணீர் போதுமான அளவு இருந்தது. வறண்ட நாட்களில் எல்லாரும் இறங்கிப் படகைத் தள்ள வேண்டியிருக்குமாம்.

வழியில் பத்து பூஙான் என்ற பெனான் குடியிருப்பில் நிறுத்தினார்கள். காட்டில் இடம் விட்டு இடம் பெயர்ந்து வாழ்ந்தவர்களை அரசு இங்கே குடியமர்த்தியது. பெண்கள் பிரம்புக் கூடைகளையும் மணி வளையல்களையும் விரித்து வைத்திருந்தார்கள். யாரும் கூவி அழைக்கவில்லை. ஈப்போவில் சேலைக் கடைக்காரரை அரை மணி நேரம் வாட்டி எடுக்கும் அக்கா, ஒரு பிரம்புப் பைக்குச் சொன்ன விலையைப் பேசாமல் கொடுத்தார். 1980களின் பிற்பகுதியில் இதே பாராம் வட்டாரத்துப் பெனான்கள் மரம் வெட்டும் லாரிகள் வரும் பாதைகளைக் குறுக்கே நின்று மறித்தவர்கள், பலர் கைதானார்கள். அந்தக் காலத்துச் செய்தித்தாள் படங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. இன்று படகு நிற்கும் கால் மணி நேரத்தில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை, கூடை வாங்க வந்தவன் கேட்கிற கேள்வி இல்லை அது.

காற்றுக் குகையை முடித்துக்கொண்டு தெளிநீர்க் குகைக்குப் போனோம். வாசலுக்கு ஏறச் சுமார் 200 படிகள். டச்சுப் பெண்மணி மூச்சு வாங்கினார். "பத்துமலையில் 272. அதையும் காவடியோடு ஏறுகிறார்கள்" என்று அக்கா என்னிடம் தமிழில் சொல்லி, நிற்காமல் மேலே போய்விட்டார்.

இந்தக் குகைத்தொடரில் இதுவரை அளந்ததே 200 கிலோமீட்டருக்கும் மேல். ஒவ்வொரு ஆய்வுப் பயணத்திலும் நீளம் கூடிக்கொண்டே போகிறது. 1977-78இல் லண்டன் ராயல் ஜியோகிராஃபிகல் சொசைட்டியின் பெரிய குழு, ராபின் ஹான்பரி-டெனிசன் தலைமையில் 15 மாதம் இங்கே தங்கியபோதுதான் முறையான அளவெடுப்பு தொடங்கியது. அந்தக் குழுவுக்குப் படகு ஓட்டியவர்களில் எங்கள் வழிகாட்டியின் பெரியப்பாவும் ஒருவர். லாங் குகைக்கே உள்ளூர் வழிகாட்டி ஒருவரின் பெயர்தான். பெரியப்பா பெயரில் குகை இல்லையா என்று கேட்டேன். "பெயர் வைக்காத குகை நிறைய மிச்சம் இருக்கிறது" என்றார்.

வாசலில் நின்று பார்த்த ஒன்றை எந்த விளம்பரத் தாளிலும் போடுவதில்லை. சுவரில் ஊசி ஊசியாகக் கல் நீட்டிக்கொண்டிருக்கிறது. எல்லா ஊசியும் வெளிச்சம் வரும் திசையையே நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத பாசி வகை உயிர்கள், ஒளி கிடைக்கும் பக்கமாகச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டே போனதால் வந்த வடிவம். பக்கத்திலேயே ஒற்றை இலைச் செடி. ஆயுள் முழுக்க ஒரே இலைதான், அதை மட்டும் பெரிதாக்கிக்கொண்டே போகும். உள்ளே பத்து அடி வைத்தால் ஊசியும் இல்லை, இலையும் இல்லை. வெளிச்சம் எதுவரை எட்டுகிறது என்பதைச் சுவரே காட்டிவிடுகிறது.

கீழே ஆற்றங்கரை மணலில் ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சிகள் உப்பு உறிஞ்சிக்கொண்டிருந்தன. கறுப்பு இறக்கையில் வரிசையாகப் பச்சை முக்கோணங்கள். ஆல்பிரட் வாலஸ் 1855இல் சரவாக்கின் ராஜா ஜேம்ஸ் புரூக்கின் பெயரை இதற்குச் சூட்டினார். இதே பூச்சி எங்கள் பேராக் மாநிலத்தில், கோப்பெங் அருகே உலு கெரோவிலும் கூட்டம் கூட்டமாக வரும். ஈப்போவிலிருந்து ஒரு மணி நேர தூரம்கூட இல்லை. அக்கா அங்கே போனதே இல்லை.

மாலை மறுபடியும் மான் குகை. இன்று மழை இல்லை.

ஐந்தே முக்காலுக்கு முதல் கூட்டம் வந்தது. வளையமாகச் சுழன்று மேலேறி, வளையம் அறுந்து நாடாவாக நீண்டு, மலைமுகட்டைத் தாண்டி வளைந்து போயிற்று. அது மறைவதற்குள் அடுத்தது. தலைக்கு மேல் போகும்போது மெல்லிய சரசரப்பு. வௌவால் பருந்து ஒன்று பாறையிலிருந்து பாய்ந்தது. நாடா நெளிந்து விலகியது. பருந்து வெறுங்காலோடு திரும்பிப் போயிற்று. இரண்டாவது பாய்ச்சலில் பிடித்துவிட்டது என்று கூச்சிங் இளைஞர் சொன்னார். கேமராவில் பெரிதாக்கிக் காட்டினார், உண்மைதான்.

ஓர் இரவில் இவை தின்னும் பூச்சி டன் கணக்கில் இருக்கும். தாய்லாந்தில் இதே இன வௌவால்கள் நெற்பயிரைக் கெடுக்கும் தத்துப்பூச்சிகளைத் தின்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். நம் தட்டில் இருக்கும் சோற்றில் இவற்றுக்கும் பங்கு உண்டு என்று அக்காவிடம் சொன்னேன். "பேசாமல் பார், தம்பி" என்றார். முக்கால் மணி நேரம் பார்த்தோம்.

ஜூலை 17, புதன்

இன்று ரேசர் குகை. கயிறு பிடித்து ஏறி இறங்க வேண்டிய இடங்கள் உண்டு. மூட்டு வலி என்று அக்கா வரவில்லை. மர உச்சிகளை இணைத்துக் கட்டிய 480 மீட்டர் தொங்குபாலத்தில் நடக்கப் போனார்.

விளக்கு அலங்காரம் இல்லாத குகை எனக்கு இதுதான் முதல் முறை. நம் தலைவிளக்கு காட்டுவது மட்டுமே உலகம். ஓரிடத்தில் எல்லா விளக்கையும் அணைக்கச் சொன்னார் வழிகாட்டி. இருட்டை ரசிக்கச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "காது கொடுங்கள்" என்றார். டிக், டிக், டிக் என்று தலைக்கு மேலே. உழவாரக் குருவிகள். வௌவாலின் ஒலி நம் காதுக்கு எட்டாது. இந்தக் குருவி எழுப்பும் ஒலி நமக்கே கேட்கும். அது சுவரில் பட்டுத் திரும்புவதை வைத்துத்தான் இருட்டில் கூட்டுக்கு வழி கண்டுபிடிக்கிறது.

விளக்கைப் போட்டதும், நாங்கள் நின்ற இடத்திலிருந்து கை நீட்டும் தூரத்தில் பாறை விளிம்பில் பாம்பு. வெளிர் உடல், நீண்ட வால். குகைக்குப் பெயர் கொடுத்ததே இந்த இனம்தான், விஷம் இல்லை. குருவியும் வௌவாலும் பறக்கும் பாதையில் காத்திருந்து பிடிக்கும். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் எதிரொலி ஊருக்கே கேட்டிருக்கும்.

வெளியே வந்து சேற்றோடு உட்கார்ந்திருந்தபோது, உலகிலேயே மிகப் பெரிய பரப்புள்ள குகைக்கூடம் இங்கேதான் இருக்கிறதே, அதைக் காட்ட மாட்டீர்களா என்று டச்சுக்காரர் கேட்டார். சரவாக் கூடம். 600 மீட்டர் நீளம், 415 மீட்டர் அகலம். 1981இல் மூன்று பிரிட்டிஷ்காரர்கள் இருட்டில் நடந்து நடந்து எதிர்ச்சுவரை எட்டாமல் திகைத்தார்கள். அனுபவமுள்ளவர்களை மட்டும் அழைத்துப் போகிறார்கள். அங்கே என்ன உயிர்கள் இருக்கும் என்று நான் கேட்டதற்கு வழிகாட்டி சிரித்தார். "எல்லாரும் எத்தனை விமானம் நிறுத்தலாம் என்றுதான் கேட்பார்கள்" என்றார்.

இரவு நடையில் ஒரு தவளை, தூங்கும் பல்லி, மூன்று அட்டைகள். அட்டைகள் மூன்றும் என் காலில்.

ஜூலை 18, வியாழன்

காலை மேகமூட்டத்தால் விமானம் தாமதம். விமான நிலையத்தில் வழிகாட்டி அடுத்த குழுவுக்காகக் காத்திருந்தார். பேச்சுவாக்கில் அக்கா, எங்கள் அப்பா செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர் என்று சொன்னார். தன் தம்பியும் மிரிக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுவதாக வழிகாட்டி சொன்னார். பூங்காவில் எல்லாருக்கும் வேலை கிடைக்குமா? இருவரும் குலை விலையைப் பற்றி நீண்ட நேரம் பேசினார்கள். எனக்கு அதில் சேர இடமில்லை.

மிரியில் மதியச் சாப்பாடு. பெலாச்சான் என்னும் இறால் விழுது போட்டு வதக்கிய மிடின் கீரையை அக்கா இரண்டாம் தட்டு வாங்கினார். சாப்பிட்டுக்கொண்டே மகளுக்குத் தொலைபேசியில், "வருகிற மாதம் லீவு எடு, உலு கெரோ போகிறோம்" என்று உத்தரவு போட்டுவிட்டார். என்னை வருகிறாயா என்று கேட்கவில்லை; காரை நான்தான் ஓட்ட வேண்டும் என்பது மட்டும் தெரிகிறது.