கடிகாரப் பட்டையின் தடம்

அப்பாவின் முன்கைகளில் செந்தடிப்பு படர்ந்திருந்தது. கைக்கடிகாரப் பட்டை மறைத்த இடம் மட்டும் பழைய நிறத்திலேயே இருந்தது.

வேர்க்குரு என்றார் அம்மா. மருத்துவரோ தடிப்பைவிட அந்தப் பட்டைத் தடத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, மாத்திரை அட்டையைக் கேட்டார்.

இரத்த அழுத்தத்துக்காக அண்மையில் மாற்றித் தரப்பட்ட அந்த மாத்திரையில் டெல்மிசார்ட்டனோடு ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்திருக்கிறது. உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்கும் இந்த இரண்டாவது மருந்து, சிலருக்குத் தோலை வெயில் தாங்காததாக ஆக்கிவிடுவதால், வெயில் படும் கழுத்திலும் கைகளிலும் தடிப்பு எழுகிறது.

அட்டையை வெட்டி நாலைந்தாகக் கொடுக்கும் நம் மருந்துக்கடைகளில் இதைச் சொல்வாரும் இல்லை, அச்சிட்ட தாளும் கைக்கு வருவதில்லை.

மாத்திரையையே நிறுத்திவிடலாம் என்றிருந்த அப்பாவை (பக்கத்து வீட்டு யோசனை!) மருத்துவர் கடிந்துகொண்டார், நிறுத்தினால் அழுத்தம் மீண்டும் ஏறும் என்று சொல்லி, வேறு மாத்திரை எழுதித் தந்தார்.