குரலுக்குப் பின்னால் ஒரு வண்டு

"அக்கா, பாடம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பின்னாடி ஒரு வண்டு உக்காந்திருக்கு."

குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிற, பார்வையற்ற தம்பி ஒருவருக்காக வரலாற்றுப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்பிக்கொண்டிருந்தேன். நான்கு பாடங்கள் போன பிறகு அவரிடமிருந்து இந்த வாய்ஸ் மெசேஜ் வந்தது. எனக்கு எந்த வண்டும் கேட்டிருக்கவில்லை. லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரில் அவ்வளவு கீழான சத்தம் வரவே வராது. ஹெட்போனை மாட்டிக் கேட்டதும்தான் தெரிந்தது. நான் மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல், அதற்கு மேலே மெல்லியதாக ஒரு 'ஈஈ'.

எல்லோரும் முதலில் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில், இரைச்சலைக் குறைக்கிற 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' இருக்கிறதே! நான் பேசாத இரண்டு விநாடியைக் காட்டி 'இதுதான் இரைச்சல்' என்று சொல்லிக்கொடுத்து, 24 டெசிபல் குறைக்கச் சொன்னேன். முனகல் போய்விட்டது. கூடவே என் குரலும் கிணற்றுக்குள் போய்விட்டது. 'பாண்டியர் காலம்' என்று நான் வாசித்தால் 'பாண்டியர் கால' என்று முடிந்தது. தமிழில் எத்தனை சொற்கள் 'ம்', 'ன்' என்று அடங்கி முடிகின்றன என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். அந்த மெல்லிய முடிவுகளை மென்பொருள் இரைச்சல் என்றே எடுத்துக்கொள்கிறது. தம்பியின் தீர்ப்பு: "வண்டே தேவலை அக்கா."

சரி, வண்டு எங்கே இருக்கிறது என்றே தேடுவோம் என்று உட்கார்ந்தேன்.

என்னிடம் இருந்தவை ஒரு கண்டென்சர் மைக், அதற்கு 48 வோல்ட் கொடுத்து, மைக்கின் சத்தத்தை யூஎஸ்பி வழியாக லேப்டாப்புக்கு அனுப்புகிற சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி, லேப்டாப், கேட்டுப் பார்க்க ஒரு ஜோடி ஸ்பீக்கர். பேசாமல் ஒரு நிமிடம் பதிவு செய்து, ஆடாசிட்டியில் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று காட்டுகிற 'பிளாட் ஸ்பெக்ட்ரம்' வரைபடம் போட்டுப் பார்த்தேன். 50, 100, 150 ஹெர்ட்ஸில் வரிசையாகக் கூம்புகள். நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகளில் கூம்பு நின்றால் ஆள் கரண்ட்தான், சந்தேகமே வேண்டாம். என் குரலின் அடிச்சுருதி சுமார் 200. அதுவும் 50-இன் மடங்குதான். எடிட்டிங்கில் முனகலை மட்டும் பிரித்தெடுக்க முடியாமல் போனதற்கு இதுவும் காரணம்.

அடுத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். சார்ஜரைப் பிடுங்கியதும் முனகல் பட்டென்று நின்றது. மாட்டினால் மறுபடி வந்தது. பேட்டரியிலேயே பதிவு செய்யலாம் என்றால் என் லேப்டாப்பின் வயதுக்கு முக்கால் மணி நேரம் தாங்கினாலே அதிசயம். இந்த லேப்டாப்பின் உலோக மூடியில் கை வைத்தால் லேசாக 'சுர்' என்று இழுக்கும். இரண்டு வருடமாக அதைச் சட்டை பண்ணாமலே இருந்திருக்கிறேன்.

எங்கள் தெருவில் எலக்ட்ரீசியன் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். பாளையங்கோட்டையில் இந்த வீடு கட்டும்போது வயரிங் செய்தவரும் அவரேதான். ஸ்விட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எர்த்து வயரு தனியா தொங்குது பாருங்கம்மா." மூன்று துளை பிளக் பாயிண்டின் மேல் துளை சும்மா பேருக்குத்தான் இருந்திருக்கிறது. சார்ஜரிலிருந்து கசிகிற கொஞ்சூண்டு கரண்ட் மண்ணுக்குப் போக வழியில்லாமல் லேப்டாப் உடம்பிலேயே நின்று, யூஎஸ்பி வயர் வழியாக மைக் வரைக்கும் போய்க்கொண்டிருந்தது. வயரை முடுக்கினார். அப்புறம் கொல்லையில் எர்த் குழியைப் பார்த்து, "இது காஞ்சு போய்க் கெடக்கு, சித்திரை வெயில்ல தண்ணி ஊத்தாம விட்டா எர்த்து எப்படி வேலை செய்யும்?" என்றார். இரண்டு குடம் ஊற்றினேன். 'சுர்' போனது, முனகலும் முக்கால்வாசி அடங்கியது.

மீதிக் கால்வாசிதான் என்னை ஒரு வாரம் அலைக்கழித்தது. எர்த் சரியான பிறகு, ஸ்பீக்கரை ஆன் செய்தால் புதிதாக ஒரு 'ஞொய்' வந்தது. லேப்டாப் ஒரு சுவரில், ஸ்பீக்கர் எதிர்ச் சுவரில். இரண்டுக்கும் தனித்தனி எர்த் வழி, நடுவில் இரண்டையும் இணைக்கிற ஆடியோ வயர். ஆக, கரண்ட் சுற்றிச் சுற்றி ஓட ஒரு வளையத்தை நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன். இரண்டையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் சொருகியதும் தீர்ந்தது. இந்த இடத்தில் சிலர் ஸ்பீக்கர் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்வார்கள். சத்தம் போகும், நிஜம்தான். என்றைக்காவது உள்ளே வயர் கழன்று உலோகத்தில் பட்டால் ஆளும் போவோம். அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

'ஈஈ' மட்டும் அசையவில்லை. ஸ்பெக்ட்ரத்தில் அது 1000, 2000, 3000 என்று நின்றது. கரண்ட் என்றால் 50-இன் மடங்கு எல்லாவற்றிலும் சின்னதாகவாவது தலை காட்டும். இப்படி ஆயிரம் ஆயிரமாகத் தாண்டாது. யூஎஸ்பி ஒரு விநாடிக்கு ஆயிரம் முறை தாளம் போட்டுத்தான் தகவலை அனுப்புகிறது. அந்தத் தாளம் அதே வயரில் வரும் மின்சாரத்தில் கலந்து, 48 வோல்ட் வழியாக மைக்கில் ஏறுகிறது. இன்டர்ஃபேஸை மௌஸும் பென் டிரைவும் இருந்த ஹப்பிலிருந்து (ஒரு யூஎஸ்பி துளையைப் பலவாக்குகிற பெட்டி) பிடுங்கி, லேப்டாப்பின் மறுபக்கத் துளையில் நேராக, குட்டை வயரால் மாட்டினேன். பாதி குறைந்தது. தனி அடாப்டரோடு வருகிற ஹப் ஒன்றை இரவல் வாங்கி மாட்டியதும் காணாமலே போனது. இரவல் இன்னும் திருப்பிக் கொடுக்கப்படவில்லை.

சின்னச் சின்னதாகவும் நிறைய இருந்தன. அவ்வப்போது வருகிற 'டிர்ர் டிர்ர்' அம்மாவின் பட்டன் போன். அது இன்னும் 2ஜி. மேஜையிலிருந்து சமையலறைக்கு மாற்றினேன். ஃபேன் ரெகுலேட்டரை நடுவில் வைத்தால் ஒரு கரகரப்பு, முழு வேகத்தில் வைத்தால் காற்றுச் சத்தம். ஆகவே ஃபேனே கிடையாது. அதிகாலை நாலரை மணிக்கு, காக்கை எழும் முன், வியர்த்துக்கொண்டு சோழர் நிர்வாகம் வாசிக்கிறேன். சுவர் எதிரொலிக்கு, பரணில் கிடந்த பஞ்சு மெத்தையை முதுகுக்குப் பின்னால் நிறுத்திவிட்டேன்.

இத்தனைக்கும் பிறகு, காசே இல்லாமல் அதிகம் பலன் கொடுத்தது ஒன்றுதான். மைக்கை ஒரு முழத்திலிருந்து ஒரு சாணுக்கு இழுத்தது. தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும், மைக் சத்தத்தைப் பெருக்குகிற 'கெய்னை' அவ்வளவு குறைக்கலாம், பின்னணி இரைச்சலும் அதே அளவு இறங்கும். இதை முதல் நாளே செய்திருக்கலாம் என்று என் வீட்டுக்காரர் இப்போது சொல்கிறார். அவர் முதல் நாள் சொல்லவில்லை.

இப்போது எடிட்டிங்கில் செய்வது 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுவதும், மிஞ்சிப்போனால் 6 டெசிபல் நாய்ஸ் ரிடக்‌ஷனும்தான். நல்ல உற்சாகத்தில், பக்கம் திருப்புகிற சரசரப்பைக்கூட ஒவ்வொன்றாகத் தேடி வெட்டி ஒரு பாடம் அனுப்பினேன்.

"வண்டு போயிடுச்சு அக்கா" என்று பதில் வந்தது. "ஆனா தாள் சத்தத்தை ஏன் எடுத்தீங்க? அதை எண்ணித்தானே எத்தனாவது பக்கம்னு வச்சிருந்தேன்."