நாய்க்குக் குடைத்துணியில் மழைக்கோட்: முதுகு ஒருவழியாக நனையவில்லை

கோட் தாக்குப் பிடித்துவிட்டது. அப்புத்தளைப் பக்கத்து லிப்டன் சீட் மலைமுனையில் இருந்து தம்பேத்தன்னைத் தேயிலைத் தோட்டத்துக்கு இறங்கும் வழியில் கொட்டிய சித்திரை மழையிலும் நாயின் முதுகு காய்ந்தே இருந்தது. கடைக்கோட்டுகள் தோற்கும் இடம் ஒன்றுதான்: கயிறு கொழுவும் ஓட்டை. ஹார்னஸ் (நாயின் மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டி) வளையம் வெளியே வருவதற்காக வெட்டிவிடுகிறார்கள். தண்ணீர் நேரே முள்ளந்தண்டில் இறங்குகிறது.

ஓட்டையே வேண்டாம் என்று கழுத்துப்பட்டியில் கயிற்றைக் கொழுவவும் முடியாது. மார்ச், ஏப்ரலில் மலையில் காலை வெளித்திருக்கும், மத்தியானம் திரும்ப முகில் கட்டி இடி முழங்கும். வெருண்ட நாய் பின்னுக்கு இழுத்துத் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். ஹார்னஸ் கட்டாயம்.

துணிக்குக் கம்பி முறிந்த பெரிய குடை போதும். குடை திருத்துபவர்களிடம் மலிவாகக் கிடைக்கும். உள்ளே வெள்ளிப்பூச்சு உரிகிற குடை வேண்டாம். துணியைக் குழியாகப் பிடித்துத் தண்ணீர் ஊற்றுங்கள். 10 நிமிடத்துக்குள் கசிந்தால் அடுத்ததைப் பாருங்கள். குடைத்துணி முக்கோணப் பட்டைகளாக இருப்பதால் இரண்டை நடுவில் பொருத்தத்தான் கை போகும். அப்படிச் செய்தால் தையல் முதுகின் மேலேயே வரும், ஒழுகும். ஒரு பட்டையை முதுகின் நடுவில் போட்டு, பக்கத்துக்கு அரைப்பட்டை சேர்த்தால் பொருத்துகள் விலாவில் விழும். குண்டூசி குத்தக்கூடாது, அந்தத் துளை மூடாது. துணிக்கிளிப்பால் பிடித்து, 11 ஆம் இலக்க மெல்லிய ஊசியால் தையுங்கள்.

இனி ஓட்டை. 3 சென்ரிமீற்றர் கீறல், முள்ளந்தண்டுக்குக் குறுக்காக. ஓரம் கிழியாமல் பொத்தான் துளை மாதிரிக் கட்டவேண்டும். அதன் மேல் 6க்கு 8 அளவில் ஒரு மூடி. மூடியின் கழுத்துப்பக்க ஓரத்தை மட்டும் தைத்து, வால் பக்கம் திறந்துவிடுங்கள். ஏறும்போது நாய் முன்னுக்குப் போகும், கயிறு பின்னுக்கு வரும். மூடி படிந்தே கிடக்கும், தண்ணீரும் வாலை நோக்கி வடியும். இறக்கத்தில் நாய் பின்தங்கினால்தான் கயிறு மூடியைக் கிளப்புகிறது. இரு பக்கமும் 2 சென்ரிமீற்றர் வெல்க்ரோ வைத்ததும் அதுவும் அடங்கியது. இந்த ஒரு மூடிக்காகவே முழு வேலையும் பெறுமதி.

வயிற்றுப்பட்டிக்கு வெல்க்ரோ சரிவராது, மயிர் அடைந்து பிடி விட்டுவிடும். பை திருத்தும் கடையில் 25 மில்லிமீற்றர் பக்கிள் வாங்குங்கள். பட்டி முழங்கைக்கு நான்கு விரல் பின்னால் வரவேண்டும். இப்போதைக்கு இலாஸ்ரிக்தான் போட்டிருக்கிறது. நனைந்தால் இளகுகிறது, மாற்றவேண்டும்.

வெயிலில் கோட்டைப் போடாதீர்கள். ஏற்றத்தில் உள்ளே அவிந்துவிடும். ஆனால் ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும். யாழ்ப்பாணத்து வெக்கையில் வளர்ந்த குட்டைமயிர் நாய்க்கு நனைந்த உடம்போடு காற்றில் நிற்பதுதான் ஆபத்து. மழை நின்றதும் பழைய சாரத்தால் வயிறு, கக்கம், காது மூன்றையும் துடையுங்கள். நடுங்கிக்கொண்டிருந்த நாய் நடுக்கம் நின்று சோர்ந்தால் அது தேறிவிட்டதென்று நினைக்காதீர்கள், நிலைமை மோசமாகிறது.

ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்கா, நாயை உள்ளே விடமாட்டார்கள். தேயிலைத் தோட்டப் பாதைகளே நல்லது. ஆனால் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) நாய்கள் கூட்டமாக வரும். கல் எடுக்காமல், தூரத்திலேயே "அக்கா, நாயைக் கொஞ்சம் பிடியுங்கோ" என்று கூப்பிட்டால் போதும். களைநாசினி அடிக்கிற இடம், தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடக்கூடாது. ஓடைத்தண்ணீரும் வேண்டாம், மூக்குக்குள் அட்டை ஏறும். ஒற்றை மூக்கால் இரத்தம் வந்து அடிக்கடி தும்மினால் உடனே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

கால்விரலிடுக்கு அட்டைக்குத்தான் இன்னும் வழியில்லை. உப்புப் போட்டால் அட்டை கக்கிவிட்டு விழும், கடிவாய் பழுதாகலாம். நகத்தால் வாய்ப்பக்கத்தை நெம்பி எடுப்பதே சரி. மிச்சக் குடைத்துணியில் முழங்கால் வரை உறை தைக்கலாம், ஆனால் அடியில் சறுக்கும். பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டிப் பார்க்கவேண்டும்.