எண்ணெய் வளம் ஜனநாயகத்துக்கு எதிரியா? 20 மதிப்பெண் கேள்வியை எழுதும் முறை

சிவில் சர்வீஸ் மெயின்ஸில் அரசியல் அறிவியலை விருப்பப் பாடமாக எடுப்பவர்களும் முதுகலை மாணவர்களும் ஒப்பீட்டு அரசியலில் தவிர்க்க முடியாத தலைப்பு இது. பெரும்பாலான விடைகள் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். 'வளங்களின் சாபம்' (இயற்கை வளமே ஒரு நாட்டுக்குக் கேடாக முடிவது) என்று ஒரு வரையறை, சவூதியும் நைஜீரியாவும், 'ஆனால் நார்வே' என்று ஒரு வரி, முடிவுரை. இதில் தவறு எதுவும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. எண்ணெய்ப் பணம் எந்த வழியாக அரசியலுக்குள் நுழைகிறது, அது வந்து சேர்ந்தபோது அந்த நாட்டில் ஏற்கெனவே என்ன இருந்தது என்ற இரண்டையும் சொன்னால்தான் விடை எடுபடும்.

250 மதிப்பெண்ணுக்கு 3 மணி நேரம் என்றால் 20 மதிப்பெண்ணுக்கு 14 நிமிடம். 2 நிமிடத்தில் ஓரத்தில் குறிப்பு போட்டுக்கொண்டு மீதியில் 250 சொற்கள் எழுதலாம். வரையறைக்கு 30 சொற்களுக்கு மேல் தராதீர்கள்.

1970இல் ஹொசைன் மஹ்தவி ஈரானை வைத்து முன்வைத்த 'ரென்டியர் அரசு' என்ற கருத்திலிருந்து தொடங்கலாம். மக்களிடம் வரி வாங்கிப் பிழைக்காமல், வெளியிலிருந்து வரும் எண்ணெய் வருமானத்தில் நடக்கும் அரசு என்று பொருள். அடுத்து, எண்ணெய் ஜனநாயகத்தைத் தடுப்பதாக அரசியல் அறிஞர் மைக்கேல் ராஸ் 2001இல் சொன்ன மூன்று வழிகள். முதலாவது, வரி கேட்காத அரசிடம் மக்கள் கணக்கும் அதிகம் கேட்பதில்லை; சலுகைகளும் அவர்களை அமைதிப்படுத்துகின்றன. குவைத்தில் தனிநபர் வருமான வரி இல்லை. 2011இல் அரபு நாடுகள் கொந்தளித்த நேரத்தில் குவைத் அரசு ஒவ்வொரு குடிமகனுக்கும் 1,000 தினார் கொடுத்தது. (அங்கே உழைக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இல்லை. மக்கள்தொகையில் பெரும்பகுதி வெளிநாட்டவர்கள், அவர்களுக்கு வாக்கும் கிடையாது. இந்த வரியைச் சேர்த்தால் விடைக்கு எடை கூடும்.) இரண்டாவது, அதே பணம் போலீசையும் ராணுவத்தையும் உளவுத்துறையையும் வளர்க்கிறது. மூன்றாவதான 'நவீனமயமாதல் விளைவை'த்தான் பலர் பெயரை மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிடுகிறார்கள். எண்ணெய் வருமானத்தை ஏற்றினாலும், தொழிற்சாலை வேலை, தொழில் நிபுணத்துவம், அமைப்பாகத் திரளும் தொழிலாளர்கள் போன்ற மாற்றங்களை அதே அளவில் கொண்டுவருவதில்லை. ஜனநாயகத்துக்கு அழுத்தம் தரக்கூடிய வர்க்கங்கள் உருவாவதில்லை.

'டச்சு நோய்' பற்றி அரைப் பக்கம் எழுதுவது வழக்கமான சறுக்கல். அது பொருளாதாரப் பாடம். எண்ணெய் ஏற்றுமதியால் நாணய மதிப்பு ஏறி, மற்ற தொழில்கள் நசிந்து, அரசைச் சாராத முதலாளிகள் குறைகிறார்கள் என்று ஒரே வாக்கியத்தில் அதை அரசியலோடு இணைத்துவிட்டு நகருங்கள்.

உதாரணத்தில் பத்து நாடுகளை அடுக்குவதைவிட வெனிசுவேலாவை ஆழமாகப் பிடிப்பது நல்லது. அங்கே வணிக உற்பத்தி தொடங்கிய 1914இல் ஆட்சியில் இருந்தவர் சர்வாதிகாரி கோமேஸ். 1935இல் இறக்கும்வரை அவர் பிடி தளரவில்லை. எண்ணெய் சர்வாதிகாரத்துக்குத்தான் உதவும் என்று இதோடு நிறுத்தினால் மாட்டிக்கொள்வீர்கள். 1958இல் மூன்று கட்சிகள், யார் வென்றாலும் தேர்தல் முடிவை ஏற்று அதிகாரத்தைப் பகிர்வது என்று புன்டோ ஃபிஹோ ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகு, அதே எண்ணெய்தான் 40 ஆண்டுகள் தேர்தல் ஜனநாயகத்துக்குச் செலவு செய்தது. பணக்காரர்கள் மேல் பெரிய வரி போடாமலே தொழிலாளர்களுக்கும் நடுத்தர வர்க்கத்துக்கும் பங்கு கொடுக்க முடிந்ததால், வாக்குப்பெட்டியைக் கண்டு பணக்காரர்கள் அஞ்ச வேண்டியிருக்கவில்லை. ஏற்றத்தாழ்வு மிகுந்த நாட்டில் எண்ணெய் ஜனநாயகத்துக்குத் துணையாகவும் நிற்கலாம் என்று அரசியல் அறிஞர் தாட் டன்னிங் 2008இல் வாதிட்டது இதை வைத்துத்தான். 1980களில் விலை சரிந்ததும் பங்கு கொடுக்கப் பணமில்லை. 1989 பிப்ரவரியில் பெட்ரோல் விலையும் பஸ் கட்டணமும் ஏறியபோது கலவரம் வெடித்தது. நூற்றுக்கணக்கானோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பீப்பாய் 10 டாலரை ஒட்டிக் கிடந்த 1998இல் ஹியூகோ சாவேஸ் அதிபர் தேர்தலில் வென்றார். 2002-03 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அரசு எண்ணெய் நிறுவனத்தில் சுமார் 18,000 பேர் நீக்கப்பட்டு, நிறுவனம் அதிபரின் கைக்குள் வந்தது. அடுத்து வந்த விலையேற்றத்தின் பலன் யாருக்கு என்பதை இதன் பிறகு தனியாக விளக்க வேண்டியதில்லை.

எதிர்வாதம் இல்லாத விடை 20க்குப் பாதியைத் தாண்டுவது கடினம். ஹேபர், மெனால்டோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2011இல், நாட்டையும் நாட்டையும் ஒப்பிடாமல் ஒவ்வொரு நாட்டையும் நீண்ட காலம் பின்தொடர்ந்து பார்த்து, எண்ணெய் கூடியதால் சர்வாதிகாரம் கூடியதாகத் தெரியவில்லை என்றார்கள். ஆப்பிரிக்காவின் எக்குவடோரியல் கினியா இதற்குப் பொருத்தமான சான்று: சர்வாதிகாரி ஒபியாங் ஆட்சியைப் பிடித்தது 1979இல், பெரிய அளவில் எண்ணெய் வந்தது 1990களில். எண்ணெய் அவரை உருவாக்கவில்லை, நிலைக்கவைத்தது. ராஸ் தரப்பின் பதிலையும் சேருங்கள். 1970களுக்கு முன் லாபத்தில் பெரும்பங்கை வெளிநாட்டுக் கம்பெனிகள் கொண்டுபோயின; குவைத் 1975இலும் வெனிசுவேலா 1976இலும் நாட்டுடைமையாக்கிய பிறகே பணம் ஆட்சியாளர் கைக்கு முழுதாக வந்தது. எனவே விளைவை அதற்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் தேட வேண்டும்.

புள்ளிவிவரம் தருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மொத்த உற்பத்தியில் எண்ணெயின் சதவீதம் என்ற அளவுகோல் ஏமாற்றும். மோசமான ஆட்சியில் மற்ற தொழில்கள் அழிந்தாலே அந்தச் சதவீதம் தானாக ஏறிவிடும். காரணமும் விளைவும் தலைகீழாகிவிடும். தலைக்கு எவ்வளவு எண்ணெய் வருமானம் என்ற கணக்கே பாதுகாப்பானது.

நார்வேயை எழுதினால் தேதியோடு எழுதுங்கள். நாடாளுமன்ற ஆட்சி 1884, அனைவருக்கும் வாக்குரிமை 1913, எகோஃபிஸ்க் எண்ணெய் வயல் கண்டுபிடிப்பு 1969; அதாவது ஜனநாயகம் முதலில், எண்ணெய் பிறகு. எண்ணெய் நிதிக்குச் சட்டம் வந்தது 1990இல், முதல் பணம் போட்டது 1996இல். பட்ஜெட்டுக்கு எடுப்பது நிதியின் 4 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்று 2001இல் வைத்த விதியை 2017இல் 3 ஆகக் குறைத்தார்கள். 'நல்ல நிர்வாகம்' என்ற தேய்ந்த சொல்லைவிட இந்த வரிசை அதிகம் பேசும்.

கேள்வியின் வாசகத்தையும் உற்றுப் பாருங்கள். 'எண்ணெய் ஜனநாயகம் மலர்வதைத் தடுக்கிறதா' என்பது வேறு, 'ஆட்சியாளரைக் காப்பாற்றுகிறதா' என்பது வேறு. இரண்டாவதற்கு ஈரான் எதிர்சான்று: எண்ணெய்ப் பணத்தில் மிதந்த மன்னர் ஷா 1979இல் வீழ்ந்தார், அதற்கு முந்தைய இலையுதிர்காலத்தில் எண்ணெய்த் தொழிலாளர்களே வேலையை நிறுத்தி அவர் வருமானத்தை முடக்கியிருந்தார்கள்.