வகுப்பு உற்றுநோக்கலை மாற்றி அமைத்த அனுபவம்

தலைமையாசிரியராகப் பொறுப்பேற்றதும் நான் முதலில் புரட்டிய கோப்புகளில் ஒன்று, முந்தைய ஆண்டுகளின் வகுப்புப் பார்வைப் படிவங்கள். 'பாடக்குறிப்பு உள்ளது', 'கரும்பலகைப் பயன்பாடு நன்று', 'வகுப்புக் கட்டுப்பாடு திருப்தி', 'துணைக்கருவிகளை இன்னும் பயன்படுத்தலாம்'. கணக்கு, அறிவியல், மொழி எதுவானாலும் இதே வாசகங்கள்தான். ஆசிரியர் பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று கண்டுபிடிக்கவே முடியாது. மாணவர் அன்றைக்கு என்ன கற்றார் என்று ஒரு வரிகூட எங்கும் இல்லை. அதே அலமாரியில் மதிப்பெண் பட்டியல்களும் இருந்தன. ஆறாம் வகுப்பில் பின்னங்களில் தடுமாறியவர்களே எட்டாம் வகுப்பில் இயற்கணிதத்திலும் தடுமாறியிருந்தார்கள். இந்த இரண்டு கோப்புகளையும் யாரும் ஒன்றாக வைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நிர்வாகம் சொன்ன வழி எளிது: வகுப்பு வகுப்பாக எட்டிப் பார்த்துவரும் ரவுண்ட்ஸை அதிகமாக்குங்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கிரிசம், லோப், மாஸ்டர் ஆகிய மூவர் அமெரிக்காவின் மியாமி-டேட் பகுதிப் பள்ளிகளில் நடத்திய ஆய்வு 2013இல் வெளிவந்தது. பள்ளித் தலைவர்கள் நாள் முழுக்க என்ன செய்கிறார்கள் என்று கூடவே இருந்து குறித்தார்கள். ஆசிரியருக்குப் பயிற்சி தரச் செலவான நேரம் மாணவர் முன்னேற்றத்தோடு சேர்ந்து போனது. சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வரும் நடைக்குச் செலவான நேரம் எதிர்த்திசையில் போனது. எட்டிப் பார்த்தபின் அதைப் பற்றி ஆசிரியரோடு பேசாவிட்டால் அது வெறும் நடமாட்டம்தான்.

ஆகவே பழைய முறை ஒன்றையே எடுத்தேன். மோரிஸ் கோகனும் அவர் வழிவந்த ராபர்ட் கோல்ட்ஹாமரும் 1950, 60களில் ஹார்வர்டில் ஆசிரியர் பயிற்சிக்காக உருவாக்கிய கிளினிக்கல் சூப்பர்விஷன், அதாவது ஆசிரியரின் வகுப்பைக் கூர்ந்து பார்த்து, அவரோடு பேசி மேம்படுத்தும் மேற்பார்வை முறை. கோல்ட்ஹாமர் அதை ஐந்து கட்டங்களாகப் பிரித்தார்: வகுப்புக்கு முன் ஒரு பேச்சு, உற்றுநோக்கல், குறிப்பை அலசுதல், ஆசிரியரோடு உரையாடல், கடைசியாக உரையாடல் எப்படிப் போனது என்று மேற்பார்வையாளரே தன்னைச் சரிபார்த்துக்கொள்வது. அந்தக் கடைசிக் கட்டத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

முதலில் அணுகியது பள்ளியிலேயே மூத்த கணக்கு ஆசிரியரை. சர்வீஸில் என்னைவிட மிகவும் சீனியர். அவர் ஒப்புக்கொண்டால் மற்றவர்கள் முரண்டு பிடிக்க மாட்டார்கள் என்ற கணக்கும் இருந்தது, மறைப்பானேன்.

"சார், உங்க வகுப்புல வந்து உட்காரலாம்னு இருக்கேன். நான் எதைப் பார்க்கணும்னு நீங்களே சொல்லுங்க."

"ஹெச்.எம். நீங்க. எதை வேணும்னாலும் பாருங்க" என்றார் முதலில். போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "பின்னம் நடத்துறேன். புரிஞ்சுதான்னு கேட்டா எல்லாம் தலையாட்டுது. பரீட்சையில அரையையும் மூணுல ஒண்ணையும் கூட்டுன்னா அஞ்சுல ரெண்டுன்னு எழுதி வைக்குது. எங்க விட்டுப்போகுதுன்னு பாருங்க மேடம்."

இதைவிடத் துல்லியமான கேள்வி எந்தப் படிவத்திலும் கிடைக்காது.

வகுப்பில் எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டேன்: குறிப்பில் 'நன்று', 'சுமார்' என்ற மாதிரி எதுவும் வரக்கூடாது. காதில் விழுந்தது, கண்ணில் பட்டது மட்டும். இருக்கைப் படம் ஒன்று வரைந்து, கேள்வி யாரிடம் போகிறது, பதில் எங்கிருந்து வருகிறது என்று அம்புக்குறி போட்டேன். கேட்ட கேள்விகளை அப்படியே எழுதினேன். கேள்விக்கும் அடுத்த பேச்சுக்கும் இடையிலான நேரத்தையும் குறித்தேன்.

பிற்பகலில் அந்தப் படத்தை மேசையில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். இந்த முறையில் கடினமான வேலை அதுதான். தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தால் எதையாவது சொல்லியாக வேண்டும் என்று நாக்கு துடிக்கும். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் பார்த்தார். அம்புகள் எல்லாம் முன்வரிசைகளில் மொய்த்திருந்தன.

"பின்னாடி இருக்கிறவங்ககிட்ட நான் கேட்கவே இல்லையா?" பிறகு அவரே, "கேட்டா முழிப்பாங்க. போர்ஷன் முடிக்கணுமே மேடம்" என்றார். அதில் நியாயமும் இருந்தது. போர்ஷன் தள்ளிப்போனால் கேள்வி கேட்பது நான்தானே.

காத்திருப்பு நேரத்தைப் பற்றிப் பேசினோம். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி போலத்தான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அது 3 விநாடியைத் தாண்டினால் பதில்கள் நீள்கின்றன, 'தெரியாது' என்பது குறைகிறது. என் குறிப்பிலும் இடைவெளிகள் அந்த ஒரு விநாடிக்குப் பக்கத்தில்தான் இருந்தன. காத்திருந்து பார்க்கிறேன் என்றார். நான் இன்னொன்று கேட்டேன்: பாடவேளை முடியும்போது ஒரே ஒரு கணக்கு, துண்டுச் சீட்டில், காரணத்தோடு.

அடுத்த முறை அந்தச் சீட்டுகளை இருவருமாக மூன்று அடுக்காகப் பிரித்தோம். விடையும் காரணமும் சரி; விடை சரி, ஆனால் காரணம் இல்லை; 'ஐந்தில் இரண்டு' என்ற தவறான விடை. நடு அடுக்குதான் உயர்ந்து நின்றது. அதே பிள்ளைகளின் நோட்டுகளைத் திறந்தால் எல்லாக் கணக்கும் சரி, எல்லாவற்றுக்கும் சிவப்பு டிக், எல்லாமே பலகையிலிருந்து இறங்கியவை. ஆண்டுக்கணக்கில் நோட்டுத் திருத்தம் என்று நாங்கள் சரிபார்த்தது அவர்களின் கையெழுத்தை.

அதற்கு அடுத்த வகுப்பை அவர் எப்படித் தொடங்கினார் என்பது முழுக்க அவர் யோசனை. பலகையில் ஐந்தில் இரண்டு என்று எழுதி, "அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்கோம். வந்த விடை அரையைவிடக் குறைச்சலா இருக்கே, எப்படி?" என்று கேட்டுவிட்டு நின்றார். நான் மூன்றைத் தாண்டியும் எண்ணினேன். கடைசி வரிசையில் ஒரு சிறுமி, "அப்போ கூட்டவே இல்ல சார், குறைச்சிருக்கோம்" என்றாள்.

மதிப்பெண் ஏறியதா என்று கேட்பார்கள். பின்னக் கேள்விகளில் ஏறியது. ஆனால் அதை என் தலைமையின் சாதனை என்று நிர்வாகக் கூட்டத்தில் ஒருவர் சொன்னபோது மறுத்தேன். தலைமையின் தாக்கம் மாணவரிடம் பெரும்பாலும் மறைமுகமாகவே போய்ச் சேருகிறது என்று ஹாலிங்கரும் ஹெக்கும் 1998இலேயே ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லிவிட்டார்கள். இடையில் இருப்பவர் ஆசிரியர். பலகைக்கு முன்னால் நின்று காத்திருந்தது அவர், நான் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. "மேடம், இது என் சர்வீஸ் ரெக்கார்டுல போகுமா?" என்று ஓர் இளம் ஆசிரியை கேட்டார். போகும் என்றால் அவர் ஒத்திகை பார்த்த பாடத்தைத்தான் எனக்குக் காட்டுவார். எனவே உற்றுநோக்கல் குறிப்பு ஆசிரியருக்கே சொந்தம், நான் நகல் வைப்பதில்லை என்று முடிவு செய்தோம். ஆண்டு மதிப்பீடு தனி. நிர்வாகம் குறிப்புகளைக் கேட்டு நெருக்கியது. எந்த வகுப்பில் எந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டோம், பிறகு என்ன மாற்றினோம் என்ற பட்டியலை மட்டும் கொடுத்தேன். முகம் சுளித்தார்கள், ஆனால் வாங்கிக்கொண்டார்கள். தினமும் தாமதமாக வருபவருக்கோ வகுப்புக்கே போகாதவருக்கோ இந்த முறை மருந்தாகாது. அதற்கு மெமோதான்.

நேரத்தைக் கண்டுபிடிப்பது இன்னொரு போராட்டம். உற்றுநோக்கலுக்கான பாடவேளைகளை என் கால அட்டவணையில் முதலிலேயே போட்டு, அந்த நேரத்து அலுவலக வேலையை உதவித் தலைமையாசிரியரிடம் விட்டேன். எல்லோரையும் நானே பார்க்க முடியாது என்று தெரிந்ததும் ஆசிரியர்களை இணை சேர்த்துவிட்டோம். கணக்கு சார் இப்போது அறிவியல் வகுப்பில் இருக்கைப் படம் வரைகிறார்.

மொழிப் பாடத்தில் இது இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. கட்டுரை எழுதும் வகுப்பில் பாதி நேரம் அமைதி. அம்புக்குறி போட ஒன்றுமே இருக்காது. அதனால் அங்கே வகுப்புக்குப் போகும் முன் திருத்திய கட்டுரைகளைப் படிக்கிறோம். ஆசிரியர் ஓரத்தில் எழுதிய குறிப்பைப் பார்த்து மாணவர் அடுத்த கட்டுரையில் எதையாவது மாற்றியிருக்கிறாரா என்று தேடுகிறோம். அதற்கேற்ற படிவத்தைத் தமிழாசிரியர்கள் தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.