தேராவில் தட்டும் நக்கல், கீழக்கரையில் எப்படி விழுகிறது?

"வாங்க தொரை, இப்பத்தான் விடிஞ்சுதா?" என்று கீழக்கரைத் தெருவில் கேட்டால் யாருக்கும் விளக்கம் வேண்டாம். இழுத்த குரலும் கோணிய வாயுமே சொல்லிவிடும். துபாய் தேராவில் பெட்ஸ்பேஸ் (பலர் தங்கும் ரூமில் ஒரு கட்டில்) எடுத்துத் தங்கும் புது ஆள் அதையே வாட்ஸ்அப்பில் தட்டினால் குரல் இங்கேயே தங்கிவிடும், எழுத்து மட்டும் ஊருக்குப் போகும். இது நமக்கு மட்டும் உள்ள குறை இல்லை. உளவியல் ஆய்வாளர்கள் ஜஸ்டின் க்ரூகரும் நிகோலஸ் எப்லியும் மற்றவர்களும் 2005ல் வெளியிட்ட ஆய்வில், குரலில் சொன்ன கிண்டலை நான்கில் மூன்று தடவை கேட்டவர்கள் சரியாகப் பிடித்தார்கள். மின்னஞ்சலில் அனுப்பியபோது பாதிக்குச் சற்று மேல்தான். பூவா தலையா போட்டுப் பார்ப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எழுதியவர்களோ இரண்டும் ஒரே மாதிரி புரியும் என்றே நம்பியிருந்தார்கள்.

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று அரசு ஊழியரை மிரட்டும்போது சுட்டுவது நம் ராமநாதபுரத்தைத்தான். நக்கலை வாங்கிப் பழகிய ஊர்க்காரர்கள், எழுதும்போது மட்டும் சறுக்குகிறோம்.

தமிழில் கையில் இருக்கும் பெரிய கருவி, மரியாதையை ஏற்றுவது. 'நீ' என்று பேசும் மச்சானிடம் "தாங்கள் துயில் எழுந்தருளியது எப்போது?" என்று எழுதினால் எழுத்திலேயே குரல் வந்துவிடும். 'நீங்க' என்று மட்டும் மாற்றினால் போதாது, பேச்சு நடைக்கு நடுவே ஏட்டுத் தமிழ் வந்து உட்கார வேண்டும். ஆனால் ரூமில் யாழ்ப்பாணத்துக்காரர் இருந்தால் இது வேலை செய்யாது. அவர்கள் சின்னப் பிள்ளையையும் 'நீங்கள்' என்பவர்கள், உங்கள் குத்தலைச் சாதாரணப் பேச்சாக எடுத்துக்கொண்டு பதில் சொல்வார்கள். 'ஆக்கும்' என்ற ஒட்டும் அப்படித்தான். "பெரிய கப்பல் முதலாளியாக்கும்" என்றால் நமக்கு அது கேலி. நாகர்கோவில்காரருக்கோ "நான் டிரைவராக்கும்" என்பது நேரான பேச்சு. கேள்விப்பட்டதைச் சொல்லும் 'ஆம்' என்ற ஒட்டு இன்னும் மோசம். "சம்பளம் ஒண்ணாம் தேதி வருமாம்" என்பதைப் பாதிப் பேர் செய்தியாகவே நம்பிவிடுவார்கள்.

ஆள் யாரானாலும் ஓடுகிற வழி ஒன்று உண்டு: புகழ்ச்சியின் வாலில் காரணத்தைக் கட்டிவிடுவது. "தேவர் அனையர் கயவர்" என்று தொடங்கும் 1073ஆம் குறளைப் பாருங்கள். அந்த மூன்று சொல்லோடு நிறுத்தியிருந்தால் கயவருக்குப் பாராட்டுப் பத்திரம் ஆகியிருக்கும். "அவருந்தாம் மேவன செய்தொழுக லான்", அதாவது அவர்களும் நினைத்தபடி நடப்பதால் என்ற காரணம் வந்தபிறகுதான் சாட்டை தெரிகிறது. குழுவில் "அந்த ஏசி மெக்கானிக் ரொம்பக் கெட்டிக்காரர்" என்று மட்டும் போட்டால் இரண்டு பேர் நம்பர் கேட்பார்கள். "ரொம்பக் கெட்டிக்காரர், மூணு தரம் வந்து மூணு தரமும் காசு வாங்கிட்டார், ஏசி இன்னும் அனல்தான் கக்குது" என்று எழுதினால் யாரும் கேட்கமாட்டார்கள். மிகைப்படுத்துவதாக இருந்தால் நடக்கவே முடியாத அளவுக்குப் போக வேண்டும். "இங்கே நல்ல வசதி" என்று ஊருக்கு எழுதினால் உம்மா நிம்மதியாகத் தூங்குவார், அடுத்த வாரம் சொந்தத்தில் ஒருவர் கடன் கேட்பார். "ஆறு பேருக்கு ஒரு கக்கூஸ், ராமநாதபுரம் அரண்மனை தோத்துச்சு" என்றால் கடன் கேட்பவர் கொஞ்சம் யோசிப்பார்.

செய்தியோடு போடும் பொம்மை முகம் இதற்கென்றே பிறந்ததுதான். 1982 செப்டம்பர் 19 அன்று அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிஞர் ஸ்காட் ஃபால்மன், வேடிக்கையையும் வினையையும் பிரித்துக் காட்ட நிறுத்தற்குறிகளால் ஆன சிரித்த முகத்தை முன்மொழிந்தார். ஆனால் கண்ணீர் வழியச் சிரிக்கும் முகத்தை அழுகை என்று எடுத்துக்கொள்ளும் பெரியவர்கள் ஊரில் உண்டு. முகம் துணைக்கு வரலாமே தவிர, பாரத்தைச் சொல்தான் சுமக்க வேண்டும்.

கடல், வானிலை, விசா, பணம் இந்த நான்கிலும் நக்கலே வேண்டாம். புயல் கூண்டு ஏற்றிய நாளில் "கடல் குளம் மாதிரி கிடக்கு, தாராளமா வலையைத் தூக்கிட்டுப் போங்க" என்று எழுதினால், அது ஃபார்வர்டாகி பாம்பன் போய்ச் சேரும்போது முன்னும் பின்னும் நடந்த பேச்சு கூடப் போகாது. வேலைத்தளக் குழுவிலும் அப்படித்தான். "கயிறு கட்டாமலே தூக்கு, நல்லா இருக்கும்" என்பதை ஆங்கிலத்திலோ இந்தியிலோ போட்டால், அந்த மொழி அரைகுறையாகத் தெரிந்தவர் உத்தரவாகவே படிப்பார்.

அமீரகத்தில் சட்டமும் இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் இணையக் குற்றச் சட்டம், பிரிவு 43ன்படி, இணையத்தில் ஒருவரை இழிவுபடுத்தினால் சிறை, அல்லது 2,50,000 முதல் 5,00,000 திர்ஹம் வரை அபராதம், அல்லது இரண்டும். "சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்" என்பதை நம்பி எழுதக் கூடாது. முதலாளியையோ ரூம்காரரையோ குத்த வேண்டும் என்றால் வாயோடு வைத்துக்கொள்வதுதான் மலிவு.

தவறிப் போனால் வாட்ஸ்அப்பில் திருத்த 15 நிமிடம் கிடைக்கும். எல்லோருக்கும் அழிக்க இரண்டு நாளுக்குச் சற்று மேல். ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் அழிக்க முடியாது. "இதுகூடப் புரியலையா?" என்று எழுதிவிடாதீர்கள், அதுவும் தப்பாகவே படிக்கப்படும். வாட்ஸ்அப் அழைப்பு அமீரகத்தில் ஓடாது என்றாலும் வாய்ஸ் நோட் போகும். பத்து வினாடி போதும். ஊர் ஒன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இங்கே பத்து என்றால் அங்கே பதினொன்றரை, தூக்கக் கலக்கத்தில் எழுத்தைப் படிப்பதை விடக் குரலைக் கேட்பது அவர்களுக்கும் எளிது.