பொத்தான் அக்கார்டியனில் சரளி வரிசை: மகளும் நானும் விரல் தேடிய கதை

செம்பூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஜூன் மாதத் தொடக்கத்தில் ஐந்து வரிசைப் பொத்தான் அக்கார்டியன் ஒன்று, ஒருவர் பயன்படுத்திய கருவியாக, வந்து சேர்ந்தது. என் பத்து வயது மகள் மூன்று ஆண்டுகளாக வாய்ப்பாட்டு கற்று வருவதால், மேற்கத்திய முறையில் சி மேஜரிலிருந்து தொடங்காமல், அவளுக்குத் தூக்கத்திலும் வரக்கூடிய மாயாமாளவகௌளை ராகத்துச் சரளி வரிசையை, அதாவது கர்நாடக இசையின் தொடக்க ஸ்வரப் பயிற்சியை, வைத்தே விரல்களைப் பழக்குவது என்று முடிவு செய்தோம். மும்பையில் அக்கார்டியன் என்றால் பழைய இந்தித் திரையிசைக் குழுக்களில் இருந்த பியானோக் கட்டை வகையைத்தான் பலரும் நினைக்கிறார்கள். பொத்தான் வகையைச் சொல்லித்தர எங்கள் பக்கத்தில் எவரும் அகப்படவில்லை.

முதல் வாரம் என்னால் வீணாயிற்று. நான் அச்சிட்டு வைத்திருந்த வரைபடம் பயான் என்னும் ரஷ்யப் பொத்தான் அக்கார்டியனில் வழங்கும் பி அமைப்பு என்ற பொத்தான் அடுக்கு முறையைச் சேர்ந்தது. எங்கள் கருவியோ பிரான்சிலும் இத்தாலியிலும் பரவலாக உள்ள சி அமைப்பு. ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம் போல இருக்கும். “படத்துல போட்டிருக்கிறது ஒண்ணு, கேக்கறது ஒண்ணுப்பா” என்று அவள் நான்கு நாள் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, ஒவ்வொரு பொத்தானாக அழுத்திக் கேட்டு, கட்டம் போட்ட கணக்கு நோட்டில் நாங்களே வரைந்துகொண்டோம்.

சி அமைப்பின் கணக்கு எளிது. வெளி விளிம்பில் உள்ளதை முதல் வரிசை என்று கொண்டால், அங்கிருந்து துருத்தியை நோக்கிச் சாய்வாக ஒரு பொத்தான் நகர்ந்தால் அடுத்த ஸ்வரஸ்தானம், அதாவது அரைச்சுரம் உயர்ந்த ஒலி, கிடைக்கும். அதே வரிசையில் அடுத்த பொத்தானுக்குப் போனால் மூன்று ஸ்வரஸ்தானங்கள் ஏறியிருப்போம். நான்காம் வரிசை முதல் வரிசையின் நகல், ஐந்தாம் வரிசை இரண்டாவதன் நகல். மூன்றாம் வரிசைக்கு மட்டும் நகல் கிடையாது. இது பின்னால் எங்களுக்கு வேலை வைத்தது.

அவள் முதலில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மட்டும் வைத்து, கோழி கொத்துவது போல வாசித்தாள். ஒரு கட்டையில், அதாவது சி என்னும் ஸ்வரத்தை ஆதார ஸட்ஜமாக வைத்து, நோட்டில் புள்ளிகளை இணைக்கச் சொன்னேன். ஸ முதல் வரிசை, ரியும் காவும் இரண்டாம் வரிசையில் அடுத்தடுத்து, ம மூன்றாம் வரிசை. பிறகு ப இரண்டாம் வரிசை, தவும் நியும் மூன்றாவதில் அடுத்தடுத்து, மேல் ஸ நான்காவதில். பென்சிலை வைத்துவிட்டு அவள் கேட்டாள்: “மேல இருக்கிறதும் கீழ இருக்கிறதும் ஒரே படம்தானே?” பூர்வாங்கமும் (ஸரிகம) உத்தராங்கமும் (பதநிஸ) ஒரே இடைவெளிகளைக் கொண்ட ராகம் இது என்பதைப் பாட்டு வகுப்பில் அவள் கேட்டிருக்கக்கூடும்; ஆனால் அது நோட்டில் ஒரே வடிவமாக, ஒரு வரிசை மட்டும் உள்ளே தள்ளி, இரண்டு முறை கிடப்பதை அன்றுதான் பார்த்தாள். அதுவரை மேல் ஸவுக்காக வெளி விளிம்புக்கு ஓடிக்கொண்டிருந்தவள், நான்காம் வரிசை எதற்காக இருக்கிறது என்பதை யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டாள்.

விரல் எண்களும் அதிலிருந்தே வந்துவிட்டன. பெருவிரலை 1 என்று கொண்டால் ஸரிகம என்பதற்கு 1, 2, 3, 4. பெருவிரல் அடியில் நுழைந்து பவைப் பிடித்தவுடன் மறுபடியும் 1, 2, 3, 4. அணிந்திருக்கும்போது பொத்தான்கள் அவள் கண்ணுக்குத் தெரியாது என்பதால், ஸவின் மீது ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினோம். விரல் நுனிக்கு அந்த மேடு போதுமானதாக இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு மேல், அக்கம்பக்கத்தை உத்தேசித்து, துருத்தியின் வாரைப் போட்டுவிட்டு ஒலியில்லாமல் விரல்களை மட்டும் ஓட்டுவாள். ஸ்வரம் கேட்கும்போது புலப்படாத தடுமாற்றம் பொத்தான்களின் டக் டக் ஓசையில் நன்றாகப் பிடிபடுகிறது. மவுக்கும் பவுக்கும் நடுவில் ஓர் இமைப்பொழுது தாமதம் விழுவதை நான் அப்படித்தான் கண்டேன்.

அவள் பாடும் 5 கட்டைக்கு, அதாவது ஜி என்னும் ஸ்வரத்துக்கு, பொட்டை மாற்றி ஒட்டியபோது எல்லாம் அப்படியே பொருந்தியது. அது இரண்டாம் வரிசையில் தொடங்கி ஐந்தாவதில் சரியாக முடிகிறது. “எந்தச் சுருதிக்கும் ஒரே விரல்” என்று நான் பெருமையடித்துக்கொண்டிருந்த மாதத்திலேயே பாட்டு வகுப்பில் அவளுடைய சுருதி 5½ கட்டைக்கு ஏறியது. 5½ மூன்றாம் வரிசையில் தொடங்குகிறது. நி வரை ஒழுங்காக வந்து, மேல் ஸவுக்காக மோதிர விரலை அவள் உள்ளே நீட்டியபோது, இல்லாத ஆறாம் வரிசையைத் தேடிய விரல் கருவியின் உடலில் போய் இடித்தது. பன்னிரண்டு ஸ்வரங்களில், மூன்றாம் வரிசைக்குரிய நான்குக்கு இந்த இடர்ப்பாடு உண்டு. அந்த மேல் ஸ வெளிப்புறமாக இரண்டு வரிசை தள்ளி இருப்பதால், அதற்கும் பெருவிரலையே கொடுத்து 1, 2, 3, 4, 1, 2, 3, 1 என்று மாற்றினோம். இரண்டு நாளில் பழகிவிட்டது.

மேல் ஸவிலிருந்து இறங்கி வரும் அவரோகணம்தான் இன்னும் முழுதாகப் படியவில்லை. பவில் பெருவிரல் இருக்கும்போது மோதிர விரல் அதைத் தாண்டி மவுக்கு வர வேண்டும். அவளோ நடுவிரலைக் கொண்டு வருகிறாள். அப்படி வந்தால் கவுக்கு 2, ரிக்கு 1, ஸவுக்கு விரல் மிச்சமில்லை. அவள் பெருவிரலை ரியிலிருந்து ஸவுக்கு வழுக்கிச் சமாளித்தாள். முதல் காலத்திலும், அதைப் போல் இரு மடங்கு வேகமான இரண்டாம் காலத்திலும் அது கேட்பதற்குக் குற்றமில்லாமல் இருந்ததால், நான் திருத்தாமல் விட்டுவைத்தேன். சிறு கைக்கு எது வசதி என்பது என்னைவிட அவளுக்குத் தெரியும் என்பதும் ஒரு காரணம். நேற்று மூன்றாம் காலத்தில் அந்த வழுக்கல் மூன்று முறை தடுக்கியது. நான் வாயைத் திறக்கவில்லை. அவள் நோட்டை இழுத்து, மவுக்கு நேரே இருந்த 3 என்பதை அடித்து 4 என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனாள்.